குப்பை லோரி யாருடையது? வீட்டு வரியும் நகராண்மைக் கழகங்களும் தனியார்மயமும்

ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு மறுசுழற்சி பற்றி ஒரு சின்னச் செயல்திட்டம் கொடுத்திருந்தேன். "உங்கள் வீட்டுக் குப்பை எப்படி அள்ளப்படுகிறது?" என்பதுதான் தலைப்பு. எங்கள் பள்ளி கோலாலம்பூர் எல்லையை ஒட்டி இருக்கிறது. பிள்ளைகளில் பாதிப் பேர் கூட்டரசுப் பிரதேசத்திலிருந்து வருகிறார்கள், பாதிப் பேர் சிலாங்கூரிலிருந்து. இரு பக்கத்துக்கும் நடுவில் ஒரு பெரிய சாக்கடை மட்டும்தான் ஓடுகிறது.

படைப்பு நாளன்று ஒரு மாணவன் எழுந்தான். "டீச்சர், குப்பையைப் பிரிச்சுப் போடலைன்னா அபராதம். மொத தடவை ஐம்பது வெள்ளி" என்றான். அடுத்த வரிசையில் இருந்த மாணவி உடனே மறுத்தாள். "எங்க பக்கம் அப்படி ஒண்ணும் இல்லையே டீச்சர். எங்க லோரியே வேற லோரி. பேரும் வேற."

இருவர் சொன்னதும் சரிதான். அப்படி எப்படி இருக்க முடியும் என்று வகுப்பே என்னைப் பார்த்தது. ஒரே நாடு, ஒரே சாக்கடை, ஆனால் குப்பைக்கு மட்டும் இரண்டு சட்டமா? அன்று நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. பிறகு தேடிப் படித்ததையும் எனக்கு முன்பே தெரிந்ததையும் சேர்த்து, வரலாறும் உள்ளூரியலும் கற்பிக்கும் நண்பர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

கதை 1890-இல் தொடங்குகிறது. கோலாலம்பூரில் அந்த ஆண்டுதான் சானிட்டரி போர்டு அமைக்கப்பட்டது. ஊர் வளர்ந்துகொண்டிருந்தது, காலராவும் மலேரியாவும் கூடவே வந்தன. குப்பை அள்ள வேண்டும், கால்வாய் வெட்ட வேண்டும், தெரு விளக்கு ஏற்ற வேண்டும் என்ற தேவையிலிருந்துதான் நம் நாட்டு ஊராட்சியின் பெரும்பகுதி பிறந்தது. நகராண்மைக் கழகம் என்றால் இன்று நமக்குக் கட்டட அனுமதியும் வாகன நிறுத்தச் சம்மனும் ஞாபகம் வரும். ஆனால் அதன் தாய் வேலை குப்பைதான். அந்த வேலையைச் செய்யத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழரும் தெலுங்கரும் அமர்த்தப்பட்டார்கள். மாட்டுவண்டியில் குப்பை போன காலம் அது. தோட்டத்துத் தமிழர் கதையை நாம் நிறைய எழுதிவிட்டோம். பட்டணத்துத் தெருவைக் கூட்டிய தமிழர் கதை பாடநூலில் ஒரு வரிக்கு மேல் வந்து நான் பார்த்ததில்லை.

சுதந்திரத்துக்கு முன்பே நகரத்தார் தங்கள் மன்றத்தைத் தாங்களே தேர்ந்தெடுக்கத் தொடங்கிவிட்டார்கள். 1951 டிசம்பரில் ஜோர்ஜ் டவுனில் நகராண்மைத் தேர்தல் நடந்தது. 1952 பிப்ரவரியில் கோலாலம்பூர். 1955-இன் பொதுத் தேர்தலுக்கே முந்தியவை இவை. வரி கட்டுகிறவர் வாக்குப் போட்டார். வாக்கு வாங்கியவரிடம் போய், "எங்க சந்துல மூணு நாளா குப்பை கிடக்கு" என்று நேராகக் கேட்க முடிந்தது.

இது பதின்மூன்று, பதினான்கு ஆண்டுதான் நீடித்தது. இந்தோனேசியாவுடனான மோதல் நடந்துகொண்டிருந்தபோது, 1965 மார்ச்சில் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அமைதி திரும்பியதும் தேர்தலும் திரும்பும் என்று பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அப்போது உறுதி கூறினார். 1966-இல் மோதல் முடிந்தது. தேர்தல் திரும்பவில்லை.

இந்த இடத்தில் நம்மவர் ஒருவர் வருகிறார். சில ஊராட்சி மன்றங்களில் முறைகேடு நடப்பதாகப் புகார்கள் எழுந்திருந்ததால் 1965-இல் ஓர் அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். வழக்கறிஞர், ம.இ.கா. தலைவர்களில் ஒருவர். ஜான்சி ராணிப் படையில் இருந்த ஜானகி ஆதி நாகப்பனின் கணவர் என்று சொன்னால் நம் மாணவர்களுக்குச் சட்டெனப் புரியும். (ஜானகி அம்மையாரைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்கிறோம். கணவர் தலைமை தாங்கிய ஆணையத்தின் அறிக்கையைப் பற்றி ஏன் எதுவும் சொல்வதில்லை என்று எனக்குப் புரியவில்லை.) தீபகற்பத்தில் அப்போது முந்நூற்றுக்கும் மேற்பட்ட ஊராட்சி அமைப்புகள் இருந்தன. ஆணையம் அவற்றின் வேலைமுறையை ஆராய்ந்து, 1968 டிசம்பரில் அறிக்கையை முடித்தது. முறைகேடுகள் இருந்தன என்பதை அது மறைக்கவில்லை. ஆனாலும் தேர்தலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றுதான் பரிந்துரைத்தது. அரசாங்கம் அந்தப் பகுதியை ஏற்கவில்லை. 1973-இன் இடைக்காலச் சட்டமும், பிறகு 1976-இன் ஊராட்சிச் சட்டமும் வந்தன. மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கும் முறை நிலைத்துவிட்டது.

அந்த 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தை, அதாவது சட்டம் 171-ஐ, எடுத்துப் பாருங்கள். 72-ஆவது பிரிவு குப்பை அள்ளும் அதிகாரத்தை ஊராட்சி மன்றத்துக்குக் கொடுக்கிறது. செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும்? நாம் ஆண்டுக்கு இரண்டு தடவை கட்டும் மதிப்பீட்டு வரியிலிருந்து. சுக்காய் பிந்து, வீட்டு வரி, அசெஸ்மெண்டு என்று நம் வீடுகளில் பல பெயர். அந்தப் பில்லில் 'குப்பைக் கட்டணம்' என்று தனி வரி கிடையாது. எல்லாம் ஒரே தொகை. சிங்கப்பூரில் இருக்கும் நண்பர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். அவர்களுக்குத் தண்ணீர், மின்சாரப் பில்லோடு குப்பைக் கட்டணம் தனியாக அச்சாகி வருகிறது. அது கூடினால் கண்ணுக்குத் தெரியும். இங்கே குப்பைச் செலவு வீட்டு வரிக்குள் ஒளிந்திருக்கிறது. செலவு ஏறினாலும் வரி ஏறவில்லை என்றால் வீட்டுக்காரருக்கு எதுவும் தெரியாது, மன்றத்துக்கு மட்டும் மூச்சு முட்டும். வரியை ஏற்றுவதற்கோ மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். தேர்தல் நெருங்கினால் எந்த மாநில அரசு ஒப்புக்கொள்ளும்?

எண்பதுகளில் ஊர்கள் வீங்கின. தாமான் தாமானாகப் புதுக் குடியிருப்புகள். பல மன்றங்களில் லோரிகள் பழசு, கொட்டுமிடம் ஒரு பள்ளம், அதில் எப்போதும் புகை. மண்ணில் கசியும் கழிவுநீரைத் தடுக்கும் அமைப்போடு முறையாகக் கட்டப்பட்ட முதல் குப்பைத் தளம் என்று பூச்சோங் ஆயர் ஹீத்தாமைச் சொல்வார்கள். அதுவே 1995-இல்தான் திறக்கப்பட்டது. மன்றங்களால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை என்பது உண்மை. தனியார்மயத்தை விமர்சிக்கும் பலர் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

அப்போது நாடெங்கும் தனியார்மயக் காற்று வீசிக்கொண்டிருந்தது. கூட்டரசு அரசாங்கம் நாட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்து, மண்டலத்துக்கு ஒரு நிறுவனக் கூட்டமைப்பு என்று முடிவு செய்தது. 1997 தொடக்கத்தில் மத்திய மண்டலத்தில் அலாம் புளோராவும், தெற்கில் சதர்ன் வேஸ்ட் நிறுவனமும் வேலையைத் தொடங்கின. மன்றங்களின் லோரிகளும் குப்பைப் பிரிவு ஆட்களும் அவற்றுக்கு மாறினார்கள். இதற்கு 'இடைக்காலத் தனியார்மயம்' என்று பெயர். புதுச் சட்டம் வந்ததும் முழுமையாகும் என்றார்கள். அந்த ஆண்டின் நடுவிலேயே ஆசிய நிதி நெருக்கடி வந்துவிட்டது. சட்டம் வர இன்னும் பத்தாண்டு ஆனது. இடைக்காலம் பதினான்கு ஆண்டுக்கு மேல் நீண்டது!

தகராறு முழுக்க இந்த இடைக்காலத்தில்தான் முளைத்தது. யோசித்துப் பாருங்கள். நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தது கூட்டரசு அரசாங்கம். அதற்குப் பணம் கட்ட வேண்டியது ஊராட்சி மன்றம். மன்றத்தை நியமித்தது மாநில அரசு. வரி கட்டுவது நீங்களும் நானும். முன்பு தன் ஆட்களை வைத்துத் தன் கணக்கில் செய்த வேலைக்கு, இப்போது மன்றம் ஒரு விலைச்சீட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டும். "சேவை சரியில்லை, அதனால் பிடித்தம்" என்றது மன்றம். "பணம் நேரத்துக்கு வரவில்லை, புது லோரி எப்படி வாங்குவது" என்றது நிறுவனம். பாக்கி ஏறியது. வீட்டுக்காரர் மன்றத்துக்குப் போன் செய்தால், "நிறுவனத்தைக் கேளுங்க." நிறுவனத்துக்குச் செய்தால், "மன்றத்துல சொல்லுங்க." அந்தக் காலத்தில் தாமான்களில் வாழ்ந்த எல்லாருக்கும் இந்தப் பந்தாட்டம் தெரியும்.

இந்தத் தகராறு பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மன்றம், நிறுவனம், அமைச்சு என்ற மூன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். லோரியின் பின்னால் தொங்கிக்கொண்டு போனவர் கணக்கில் வருவதில்லை. என் பெரியப்பா ஒரு நகராண்மைக் கழகத்தில் குப்பை லோரி ஆளாக இருந்தார். விடியற்காலை ஐந்து மணிக்குப் பெரட்டு. தோட்டத்துச் சொல்லை அவர்கள் பட்டணத்துக்கும் கொண்டுவந்திருந்தார்கள். கழகத்தின் கோட்டர்ஸில் ஒரு அறை, ஒரு ஹால். சுவரெல்லாம் ஒரே மஞ்சள் சாயம். அந்த வரிசை முழுக்கத் தமிழ்க் குடும்பங்கள்தான். சம்பளம் குறைவு, நாற்றம் உடம்பை விட்டுப் போகாது, கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளையின் அப்பா வேலையைச் சொல்லத் தயங்குவார்கள். ஆனால் ஒன்று இருந்தது: பென்சன். கூடவே மருத்துவச் சலுகை. அந்த நம்பிக்கையில்தான் அவர் நான்கு பிள்ளைகளைப் படிக்க வைத்தார். ஒருத்தி இன்று என்னைப் போலவே ஆசிரியை.

தனியார்மயக் கடிதம் வந்தபோது பெரியப்பாவுக்கு வயது நாற்பத்தெட்டு. நிறுவனத்துக்குப் போனால் சம்பளம் கொஞ்சம் கூடும், ஓய்வுக்காலத்துக்கு இ.பி.எஃப். பணம். கழகத்திலேயே இருந்தால் லோரியை விட்டுவிட்டு கால்வாய்ப் பிரிவுக்குப் போக வேண்டும், பென்சன் நிற்கும். கடிதம் மலாயில் இருந்தது. அதைப் படித்துச் சொன்னது அப்போது இடைநிலைப் பள்ளியில் இருந்த என் அக்காள்தான். மூன்று நாள் யோசித்தார். கடைசியில் கால்வாய்க்குப் போனார். அவர் கூட்டாளி நிறுவனத்துக்குப் போனார். இருவரும் சாகும்வரை, யார் எடுத்த முடிவு சரி என்று தேநீர்க் கடையில் சண்டை போட்டுக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் பிறகு அந்த வேலைக்கு நம் பிள்ளைகள் போகவில்லை, வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். நம் பிள்ளைகள் அந்த வேலையிலிருந்து மீண்டதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பாதுகாப்பான ஒரு அடிமட்ட அரசாங்க வேலை, அதோடு வந்த கோட்டர்ஸ், ஒரு முழுச் சமூகத்தின் பட்டண வாழ்க்கை, எல்லாம் ஒரு குத்தகை ஒப்பந்தத்தோடு முடிந்தது. அதைப் பற்றி எந்த மன்றக் கூட்டத்திலும் எந்த வாக்காளரும் வாக்களிக்கவில்லை.

இந்த இடைக்காலத்தின் நடுவில் புரோகா வந்தது. நாள் ஒன்றுக்கு 1,500 டன் குப்பையை எரிக்கும் ஆலை, மதிப்பு சுமார் 150 கோடி வெள்ளி, ஜப்பானின் எபாரா நிறுவனத்தின் தொழில்நுட்பம். முதலில் பூச்சோங்கில் கட்டுவதாக இருந்தது. அங்கே எதிர்ப்பு எழவே, சிலாங்கூர் நெகிரி செம்பிலான் எல்லையில் இருக்கும் புரோகாவுக்கு மாற்றினார்கள். புரோகா மக்கள் சும்மா இருக்கவில்லை. வாக்குப் போட மன்றம் இல்லாததால் அவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். சாலையில் நின்றார்கள். 2007-இல் திட்டம் கைவிடப்பட்டது. புகை, நச்சு என்ற காரணங்களே அதிகம் பேசப்பட்டன. ஆனால் கட்டணக் கேள்வியும் அதற்குள் இருந்தது. எரிக்கும் ஆலைக்குத் தினமும் தீனி வேண்டும், ஆலை கட்டிய கடனை அடைக்க ஒவ்வொரு டன்னுக்கும் பணம் வர வேண்டும். நம் குப்பையோ ஈரச் சோறு, பழத்தோல், மீன் கழிவு என்று பாதிக்குப் பாதி உணவுக் கழிவு. அதை எரிக்க எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். அந்தச் செலவு எந்தப் பில்லில் வந்து உட்காரும்?

அதே 2007-இல்தான் பத்தாண்டாகக் காத்திருந்த சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது: திடக்கழிவு மற்றும் பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம், சட்டம் 672. அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி ஊராட்சி என்பது மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆனாலும் நாடு முழுக்க ஒரே மாதிரியான சட்டம் வேண்டும் என்பதற்காக நாடாளுமன்றம் ஊராட்சி பற்றிச் சட்டம் இயற்ற 76-ஆவது விதி இடம் கொடுக்கிறது. அந்த வழியில் வந்த சட்டம் இது. குப்பை அதிகாரம் ஊராட்சி மன்றத்திடமிருந்து கூட்டரசுக்குப் போனது. அதற்கென்றே ஒரு கழகமும் அமைக்கப்பட்டது.

சட்டம் நிறைவேறிய அடுத்த ஆண்டு, 2008 மார்ச் பொதுத் தேர்தலில் ஐந்து மாநிலங்கள் எதிர்க்கட்சிகளிடம் போயின. 2011 செப்டம்பர் 1-இல் சட்டம் நடப்புக்கு வந்தபோது கோலாலம்பூர், புத்ராஜெயா, பகாங், ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், கெடா, பெர்லிஸ் ஆகியவை அதற்குள் வந்தன. மூன்று நிறுவனங்களுக்கு 22 ஆண்டு ஒப்பந்தம். சிலாங்கூர், பினாங்கு, பேராக், கிளந்தான், திரெங்கானு வெளியே நின்றன. இதை வெறும் கட்சிச் சண்டை என்று சொல்லி முடித்துவிட எனக்கு மனமில்லை. கெடா அப்போது பாஸ் ஆட்சியில் இருந்தது, ஆனாலும் சேர்ந்தது. திரெங்கானு தேசிய முன்னணியின் கையில் இருந்தது, சேரவில்லை. பேராக் 2009-லேயே தேசிய முன்னணிக்குத் திரும்பிவிட்டது, அதுவும் சேரவில்லை. நிலம் மாநிலத்துக்குச் சொந்தம், குப்பைமேடு மாநில நிலத்தில் இருக்கிறது, 22 ஆண்டுக்குக் கையைக் கட்டிக்கொள்ளும் ஒப்பந்தத்தை வேறொருவர் பேசி முடிக்கிறார். பணம் இல்லாத மாநிலத்துக்குக் கூட்டரசுப் பணம் உதவி. வருமானம் உள்ள மாநிலத்துக்கு அதே ஏற்பாடு அதிகார இழப்பு. ஒவ்வொரு மாநிலமும் தன் கணக்கைப் போட்டுப் பார்த்தது.

சிலாங்கூர் ஒரு படி மேலே போனது. 2011 அக்டோபரில் அலாம் புளோராவிடமிருந்து வேலையைத் திரும்ப எடுத்து, ஊராட்சி மன்றங்களிடமே கொடுத்தது. மன்றங்கள் சிறு குத்தகைக்காரர்களை நேரடியாக அமர்த்தின. செலவு குறையும் என்பது வாதம். ஆனால் பல இடங்களில் குப்பை தேங்கிய புகார்கள் ஓயவில்லை. 2016-இலிருந்து மாநில அரசுக்குச் சொந்தமான கே.டி.இ.பி. நிறுவனம் மன்றம் மன்றமாக அந்த வேலையை எடுத்துக்கொண்டது. ஆக, கூட்டரசு தேர்ந்தெடுத்த நிறுவனம் போய், மாநிலம் தேர்ந்தெடுத்த நிறுவனம் வந்தது. மன்றத்தின் வேலையாகத் தொடங்கியது மன்றத்துக்கு முழுதாகத் திரும்பி வரவேயில்லை. என் மாணவியின் 'வேற லோரி' இதுதான். என் மாணவனின் ஐம்பது வெள்ளியோ சட்டம் 672-இலிருந்து வருகிறது. 2015 செப்டம்பரில் அந்தச் சட்டப் பகுதிகளில் குப்பை பிரித்தல் கட்டாயமானது. 2016 ஜூனிலிருந்து அபராதம்.

பினாங்கு வேறு பாதையில் போனது. அங்கே மன்றங்கள் சொந்த ஆட்களையும் குத்தகைக்காரர்களையும் வைத்தே தொடர்ந்தன. ஆனால் அது இன்னொரு கதவையும் தட்டிப் பார்த்தது. ஊராட்சித் தேர்தலைத் திரும்பக் கொண்டுவர 2012-இல் மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. சட்டம் 171-இன் 15-ஆவது பிரிவு ஊராட்சித் தேர்தலை நிறுத்திவிட்டது, அதை மாற்ற மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை. ஆதி நாகப்பன் ஆணையம் அறிக்கை முடித்து நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்தும் கேள்வி அதே கேள்விதான்.

வகுப்பில் இதை எப்படிக் கொண்டுபோவது? இவ்வளவையும் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் கொட்ட முடியாது. நான் மறுவாரம் ஒன்றுதான் செய்தேன். வீட்டு வரிப் பில்லை அம்மா அப்பாவிடம் கேட்டு, முகவரியை மறைத்து நகல் எடுத்து வரச் சொன்னேன். அனுப்பியது யார், எவ்வளவு, ஆண்டுக்கு எத்தனை தடவை என்று அட்டவணை போட்டோம். குப்பைக்கு எவ்வளவு போகிறது என்று தேடினார்கள். யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. தாத்தா பாட்டியில் யாராவது கவுன்சில் வேலை பார்த்தார்களா என்று கேட்டு வரச் சொன்னேன். முப்பத்திரண்டு பேரில் ஐந்து பேர் கை தூக்கினார்கள். அதில் இரண்டு பேர் வெட்கப்பட்டுப் பாதியில் இறக்கிவிட்டார்கள். என் பெரியப்பா கதையை அப்போதுதான் சொன்னேன். கைகள் மறுபடி மேலே வந்தன.

கடைசியில் லோரி எங்கே போகிறது என்று வரைபடத்தில் பார்த்தோம். கோலாலம்பூர்க் குப்பை தாமான் பெரிஙின் மாற்று நிலையத்துக்குப் போய், அங்கே பெரிய வண்டிக்கு மாறி, வடக்கே உலு சிலாங்கூரில் உள்ள புக்கிட் தாகார் தளத்துக்குப் போகிறது. வண்டி உள்ளே போகும்போது ஒரு தடவை எடை, வெளியே வரும்போது ஒரு தடவை எடை. வித்தியாசத்துக்கு டன் கணக்கில் கட்டணம். நான் வரைபடத்தில் விரலை நகர்த்திக்கொண்டே போக, அந்த ஐம்பது வெள்ளி மாணவன் திடுக்கிட்டுப் பக்கத்தில் பார்த்தான்.

"அப்ப எங்க குப்பை அவ ஊருக்குத்தான் போவுதா டீச்சர்?"

"ஆமா."

அவள் விடவில்லை. "அதுக்கு எங்களுக்கு யாரு காசு கட்டுறா?"

மணி அடித்துவிட்டது. அடுத்த வகுப்புக்கு அந்தக் கேள்வியைத்தான் பலகையில் எழுதி வைத்திருக்கிறேன்.